திரையில் மறைப்பதும் பேரேட்டிலிருந்து நீக்குவதும்: வாசகர் கருத்துகளை வடிகட்டுவோருக்குச் சில குறிப்புகள்

புலம்பெயர்ந்த நாடுகளில் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகங்கள் எனப் பலவும் இன்று சொந்தமாக இணையத்தளம் நடத்துகின்றன. அவற்றில் பல வேர்ட்பிரஸ் மென்பொருளில் இயங்குகின்றன. மரண அறிவித்தல் ஒன்று போட்டால், அதன் கீழே உலகின் நாலு திசையிலிருந்தும் அஞ்சலிக் குறிப்புகள் வரும். அந்தக் குறிப்புகளை யார் பார்ப்பது, எதை விடுவது, எதை மறைப்பது என்ற பொறுப்பு பெரும்பாலும் சங்கத்தில் கணினி கொஞ்சம் தெரிந்த ஒருவரின் தலையில் விழும். எமது சங்கத்தில் அது எம் தலையில் விழுந்தது. நாம் படித்தது வணிகம், செய்யும் தொழில் கணக்கு. மென்பொருள் எமக்குத் தேவை கருதிக் கற்றுக்கொண்ட விடயம் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மரண அறிவித்தலின் கீழ் இறந்தவரின் பழைய நண்பர் ஒருவர் அஞ்சலி எழுதியிருந்தார். நல்ல மனதோடு, ஊரில் இருக்கும் மகனை அழைத்து எல்லோரும் ஆறுதல் சொல்லுங்கள் என்று அவருடைய தொலைபேசி இலக்கத்தையும் ஒழுங்கையின் பெயரையும் சேர்த்திருந்தார். அன்றிரவே தாயார் எம்மை அழைத்தார். "தம்பி, உதிலை என்ரை மகன்ரை நம்பரும் ஒழுங்கைப் பேரும் கிடக்கு. அங்கை தனிய இருக்கிற பிள்ளை. எடுத்துவிடுங்கோ ராசா." ஊரில் இருப்பவருக்கு முன்பின் தெரியாத அழைப்பு என்றாலே ஏன் பயம் என்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

நாம் ஒரு சிறிய வடிகட்டியை எழுதி இலக்கங்கள் இருந்த இடத்தில் புள்ளிகள் வரச் செய்தோம். பக்கத்தைத் திறந்து பார்த்தோம், புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. "எடுத்தாச்சு அம்மா" என்று சொல்லிவிட்டோம். இரண்டு கிழமை கழித்துச் செயற்குழு உறுப்பினர் ஒருவர் தன் கைத்தொலைபேசியைக் காட்டினார். அவர் எமது தளத்தைச் செய்தியோடை வழியாக வாசிப்பவர். அங்கே அந்த இலக்கம் முழுமையாக இருந்தது.

நாம் எதையும் எடுக்கவில்லை, மறைத்திருந்தோம். கணக்கு மொழியில் சொன்னால், பேரேட்டைத் தொடாமல் அறிக்கையில் ஒரு வரியை மூடியிருந்தோம். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் கருத்துகளை வடிகட்டுவதில் பாதி வேலை முடிந்துவிடும்.

கருத்து கடந்து வரும் பாதை

வேர்ட்பிரஸ் 2003இல் வெளிவந்தது. 2004இல் வந்த 1.2 பதிப்பில்தான் பிளகின் எனப்படும் செருகுநிரல்களை இணைக்கும் வசதி வந்தது. மூல மென்பொருளைத் திருத்தாமல், அது வேலை செய்யும் வழியில் குறிப்பிட்ட இடங்களில் எமது சிறு நிரலைக் கொழுவிவிடலாம். அவற்றுக்குக் கொக்கிகள் என்று பெயர். ஒரு மதிப்பை வாங்கி, மாற்றி, திருப்பிக் கொடுக்கும் கொக்கிக்கு வடிகட்டி என்று பெயர்.

வாசகர் எழுதும் கருத்து மூன்று கட்டங்களைக் கடக்கிறது.

முதலாவது வாசல். வாசகர் அனுப்பு என்று அழுத்தியதும், தரவுத்தளத்தில் எழுதப்படுவதற்கு முன் உள்ள கட்டம். இங்கே "ப்ரீப்ரொசெஸ் கொமென்ட்" என்ற கொக்கி உள்ளது. கருத்தை உடனே வெளியிடுவதா, நிறுத்தி வைப்பதா என்பதைத் தீர்மானிக்கும் இடத்தில் "ப்ரீ கொமென்ட் அப்ரூவ்ட்" என்ற கொக்கி உள்ளது.

இரண்டாவது பேரேடு. அதாவது தரவுத்தளத்தில் கருத்துகளுக்கான அட்டவணை. எழுதியவரின் பெயர், மின்னஞ்சல், ஐபி முகவரி, பயன்படுத்திய உலாவி, நேரம், எழுதிய உரை எல்லாம் இங்கே பதிவாகும்.

மூன்றாவது திரை. பக்கம் தயாராகும்போது பேரேட்டிலிருந்து உரை எடுக்கப்பட்டு, "கொமென்ட் டெக்ஸ்ட்" என்ற கொக்கி வழியாகச் சென்று வாசகரின் உலாவியை அடைகிறது.

இந்தப் பெயர்களை நிரலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களை அடிக்கோட்டால் இணைத்து எழுதவேண்டும்.

திரையில் வடிகட்டுவதன் நன்மை என்னவென்றால் அதை மீளப்பெறலாம். வடிகட்டியை நிறுத்தினால் மூல உரை அப்படியே திரும்பி வரும். வாசலில் உரையை மாற்றினால் மூலம் போய்விடும். வேர்ட்பிரஸ் கட்டுரைகளின் முந்தைய வடிவங்களைச் சேமித்து வைக்கும், ஆனால் கருத்துகளுக்கு அந்த வசதி இல்லை. கணக்காளர் தவறான பதிவை அழிறப்பரால் அழிப்பதில்லை, திருத்தப் பதிவு ஒன்றைப் போடுவார். அதே காரணத்துக்காக, சாதாரணமான தேவைகளுக்குத் திரைக் கட்டமே நல்லது. ஆனால் எமது தாயாரின் தேவை சாதாரணமானது அல்ல. அதற்குப் பின்னர் வருவோம்.

திரை வடிகட்டியில் கவனிக்க வேண்டியவை

முதலில், வடிகட்டி எதையாவது திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். மாற்றம் ஒன்றும் தேவையில்லை என்றாலும் வாங்கிய உரையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருமுறை அந்த ஒரு வரியை நாம் எழுத மறந்தோம். தளத்தில் இருந்த எல்லா அஞ்சலிகளும் வெறுமையாகத் தெரிந்தன. பேரேடு பத்திரமாக இருந்ததால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்தோம். வாசல் கட்டத்தில் இதே தவறைச் செய்திருந்தால், அன்று வந்த கருத்துகள் போனவைதான்.

அடுத்தது வரிசை. ஒரே கொக்கியில் பல வடிகட்டிகள் கொழுவப்பட்டிருக்கும். சிறிய எண் கொண்டது முதலில் ஓடும். எண் எதுவும் கொடுக்காவிட்டால் 10 என்று எடுத்துக்கொள்ளப்படும். இணைய முகவரிகளையும் மின்னஞ்சல்களையும் சொடுக்கக்கூடிய இணைப்பாக மாற்றும் வேர்ட்பிரஸின் சொந்த வடிகட்டி 9இல் ஓடுகிறது. ஆகவே மின்னஞ்சலை மறைக்கும் உங்கள் வடிகட்டி 10இல் ஓடினால், அதன் கைக்கு வருவது ஏற்கெனவே இணைப்பாக மாறிய உரை. இணைப்பின் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக முகவரி இரண்டு இடங்களில் இருக்கும். இணைப்பு உடையும், அல்லது மறைத்ததாக நினைத்தது உள்ளே கிடக்கும். 5 என்று கொடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.

மூன்றாவது, நிர்வாகப் பக்கம். கருத்துகளைப் பட்டியலிடும் நிர்வாகப் பக்கமும் இதே கொக்கியையே பயன்படுத்துகிறது. எமது விடயத்தில் அங்கும் புள்ளிகளே தெரிந்தன. நிர்வாகப் பக்கத்திலேயே இல்லை, ஆகவே தரவுத்தளத்திலும் இல்லை என்று நாமே நம்பிவிட்டோம். தொகுக்கும் பெட்டியைத் திறந்திருந்தால் மூல உரை முழுதாகத் தெரிந்திருக்கும். வடிகட்டி நிர்வாகப் பக்கத்தில் ஓடாதபடி நிபந்தனை ஒன்றைப் போட்டுவிடுங்கள். கணக்காய்வாளர் பார்ப்பது மூலப் பதிவாகவே இருக்கவேண்டும்.

நான்காவது, வடிகட்டல் சேவையகத்திலேயே, பக்கம் வெளியே போவதற்கு முன் நடக்கவேண்டும். சிலர் சொல்லின் மேல் கறுப்புப் பட்டை விழும்படி பக்கத்தின் அழகமைப்பில் மாற்றம் செய்வார்கள், அல்லது உலாவியில் ஓடும் நிரலால் சொல்லை மாற்றுவார்கள். அப்போது மூலச் சொல் வாசகரின் கணினிக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்துவிட்டது. பக்கத்தின் மூலநிரலைத் திறப்பவர் எவரும் அதை வாசிக்கலாம்.

தமிழில் வடிகட்டும்போது

வேர்ட்பிரஸ் அமைப்புகளில் உரையாடல் என்ற பகுதியில் இரண்டு சொற்பட்டியல்கள் உள்ளன. ஒன்றில் உள்ள சொல் கருத்தில் இருந்தால், அது அனுமதிக்காகக் காத்திருக்கும். மற்றதில் உள்ள சொல் இருந்தால் கருத்து நேரே குப்பைக்குப் போகும். இரண்டாவதற்கு எவருக்கும் அறிவித்தல் மின்னஞ்சல் வராது. குப்பையில் உள்ளவை 30 நாள்களில் நிரந்தரமாக அழிக்கப்படும்.

இந்தப் பட்டியல்கள் சொல்லின் உள்ளேயும் தேடும். ஆங்கிலேயருக்கே இது பட்டறிவு. இங்கிலாந்தின் ஸ்கன்தோர்ப் நகரத்தவர்கள் 1996இல் ஏஓஎல் சேவையில் கணக்குத் திறக்க முடியாமல் திண்டாடினார்கள், ஊரின் பெயருக்குள் ஓர் ஆபாசச் சொல் ஒளிந்திருந்தது. தமிழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர்பவை என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல்.

மிரட்டல் எழுதுபவர்களைத் தடுக்கவென்று எமது தளத்தில் ஒருவர் "கொலை" என்ற சொல்லை இரண்டாவது பட்டியலில் சேர்த்தார். மே மாதம் வந்தது. முள்ளிவாய்க்கால் நினைவுக் குறிப்பின் கீழ் "படுகொலை" என்று எழுதிய ஒவ்வொருவரின் கருத்தும் சத்தமில்லாமல் குப்பைக்குப் போனது. வழமையாக எழுதுபவர் ஒருவர் யூலையில் கேட்டபோதுதான் எமக்குத் தெரிந்தது. 30 நாள் கடந்திருந்தது. தமது பிள்ளைகளைப் பற்றி எழுதியவர்களிடம், தயவுசெய்து திரும்ப எழுதித் தாருங்கள் என்று கேட்க வேண்டியதாயிற்று. சிலர் எழுதினார்கள். சிலர் எழுதவில்லை.

இன்னோர் உதாரணம். "நாய்" என்ற வசவைத் தடுக்க விரும்புபவர், "நாயே" என்பதும் அகப்படட்டும் என்று புள்ளியை நீக்கி "நாய" என்று போட்டால் என்ன நடக்கும்? "நாயே" அப்போதும் முழுதாக அகப்படாது, ஏனெனில் ஏகாரக் குறி யகரத்தோடு சேர்ந்தே வரும் என்று தோன்றலாம். கணினியில் யகரமும் குறியும் தனித்தனி எண்கள் என்பதால் அகப்படும். ஆனால் அதோடு விநாயகரும் நாயன்மாரும் அகப்படுவார்கள். இந்தப் பட்டியல்கள் எழுதியவரின் பெயரையும் பார்க்கும். ஆகவே பெயரில் நாயகம் என்று முடியும் எவரும் உங்கள் தளத்தில் ஒரு வரியும் எழுத முடியாது. எம்மூர்களில் அப்படிப் பெயருள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

எதிர்ப்பக்கச் சிக்கலும் உண்டு. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் எழுத்து கணினிக்கு இரண்டாக இருக்கலாம். யுனிகோட்டில் "கொ" என்பதை ககரமும் ஒற்றை ஒகரக் குறியுமாகவும் எழுதலாம், ககரம், எகரக் குறி, கால் என மூன்று துண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒப்பிடும் முன் உரையையும் பட்டியலையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிஎச்பி மொழியில் அதற்கு "நோமலைசர்" என்ற வசதி உள்ளது. சொற்களின் நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்பெழுத்துகள் கிடந்தால் அவற்றையும் ஒப்பிடும்போது நீக்கிவிடுங்கள். நீக்குவது ஒப்பிடும் பிரதியில் மட்டும், பேரேட்டில் அல்ல.

தேடலில் ஆங்கிலத்துக்கு உதவும் சொல் எல்லைக் குறியைத் தமிழுக்கு நம்பக்கூடாது. பல பதிப்புகளில் அது உயிர்மெய்க் குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கணக்கெடுப்பதில்லை, ஒரு சொல்லின் நடுவிலேயே எல்லை போட்டுவிடும். முன்னும் பின்னும் எழுத்தோ குறியோ இல்லை என்று நாமே நிபந்தனை எழுதவேண்டும். நீளத்தைக் குறைக்கும்போதும் கவனம் தேவை. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூடிஎப்-8 முறையில் 3 பைட்டுகள். பைட்டுக் கணக்கில் வெட்டினால் எழுத்து உடைந்து கேள்விக்குறியாகும்.

பாமினி எழுத்துருவில் தட்டி ஒட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துகளே. தமிழ்ச் சொற்பட்டியல் எதிலும் அது அகப்படாது. ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் பிள்ளைகளின் கருத்தும் அப்படியே. எந்தப் பட்டியலும் முழுமையாகாது என்பதற்கு இதுவே போதும். ஆகவே எமது ஆலோசனை, இரண்டாவது பட்டியலைத் தமிழ்ச் சொற்களுக்குப் பயன்படுத்தவே வேண்டாம். சந்தேகமான சொற்களை முதற்பட்டியலில் போடுங்கள். கருத்து காத்திருக்கட்டும், ஒரு மனிதர் வாசித்து முடிவெடுக்கட்டும்.

திரையில் மறைத்தால் போதாதவை

வசவை மறைப்பது மரியாதை சார்ந்த விடயம். ஒருவரின் முகவரியை மறைப்பது பாதுகாப்பு சார்ந்தது. இரண்டாவதற்குத் திரை வடிகட்டி போதாது. "கொமென்ட் டெக்ஸ்ட்" கொக்கியைச் சுற்றிப் போகும் வழிகள் பல உள்ளன.

செய்தியோடையில் சுருக்க உரைக்கு வேறொரு கொக்கி உள்ளது. எம்மைக் காட்டிக்கொடுத்தது அதுதான். பக்க ஓரத்தில் அண்மைக் கருத்துகளைக் காட்டும் பகுதியில், கருத்தின் முதல் 20 சொற்கள் மூல உரையிலிருந்து நேரடியாக எடுக்கப்படுகின்றன. புதிய கருத்து வந்ததாக நிர்வாகிகளுக்குப் போகும் மின்னஞ்சலிலும் மூல உரையே இருக்கும், எழுதியவரின் ஐபி முகவரியும் கூடவே போகும். பக்கங்களை வேகமாகக் காட்டவென்று சேமித்து வைக்கும் பிளகின் இருந்தால், வடிகட்டிக்கு முந்திய பக்கம் தொடர்ந்து தெரியும். காப்புப்பிரதிகளிலும் அது இருக்கும்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. கருத்தின் அருகே தெரியும் சிறு படம் கிரவற்றார் சேவையிலிருந்து வருகிறது. அந்தப் படத்தின் முகவரியில், எழுதியவரின் மின்னஞ்சலிலிருந்து கணித்த நீண்ட குறியீடு ஒன்று இருக்கும். அதிலிருந்து மின்னஞ்சலை வாசிக்க முடியாது. ஆனால் ஒருவரின் மின்னஞ்சல் தெரிந்தவர், அதே கணிப்பைச் செய்து பார்த்து, புனைபெயரில் எழுதியவர் அவர்தானா என்று உறுதிப்படுத்தலாம். புனைபெயரில் எழுதுபவர்கள் உள்ள எம்போன்ற தளங்களில் இந்தப் படங்களை நிறுத்திவிடுவது நல்லது. உரையாடல் அமைப்புகளிலேயே அதற்கு ஒரு தெரிவு உள்ளது.

ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 25இல் நடைமுறைக்கு வந்தது. அதையொட்டி அதே மாதம் வெளிவந்த வேர்ட்பிரஸ் 4.9.6 பதிப்பில், ஒருவரின் தரவுகளை அழிக்கும் கருவி சேர்க்கப்பட்டது. பயனுள்ள கருவி. ஆனால் கருத்துகளைப் பொறுத்தவரை அது எழுதியவரின் பெயரையும் மின்னஞ்சலையும் நீக்கி, ஐபி முகவரியை அடையாளம் காணமுடியாதபடி குறுக்குகிறது. எழுதிய உரையைத் தொடுவதில்லை. உரைக்குள் இருக்கும் இலக்கமும் மூன்றாம் ஆளின் பெயரும் அப்படியே இருக்கும். எமது தாயாரின் மகன் எமது தளத்தில் ஒன்றும் எழுதியவரே அல்லர்.

நாம் இப்போது கடைப்பிடிக்கும் நடைமுறை

1. முதல்முறை எழுதுபவரின் கருத்து அனுமதிக்காகக் காத்திருக்கும். மரண அறிவித்தல்களின் கீழ் எல்லாக் கருத்துகளும் காத்திருக்கும்.

2. தொடர்ச்சியாக 9 அல்லது அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் இருந்தால், "ப்ரீ கொமென்ட் அப்ரூவ்ட்" கொக்கி வழியாகக் கருத்தை நிறுத்தி வைக்கிறோம். இடையில் வெளியோ கோடோ இருந்தாலும் தொடர்ச்சியாகவே கொள்கிறோம். தானாக மறைப்பதில்லை. பிறந்த திகதியும் இறந்த திகதியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தாலும் நிபந்தனையில் அகப்படும். எது திகதி, எது தொலைபேசி என்று மனிதர் பார்த்தால் உடனே தெரியும். ஏற்கெனவே எரிதம் என்று முடிவான கருத்தின் நிலையை இந்த வடிகட்டி மாற்றாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

3. வசவுச் சொற்கள் திரையில் மட்டும் மறைக்கப்படும். செய்தியோடைக்கும் சுருக்கத்துக்கும் உரிய கொக்கிகளிலும் அதே வடிகட்டி கொழுவப்பட்டுள்ளது.

4. ஊரில் உள்ள எவரின் இலக்கம், முகவரி, வேலையிடம் இருந்தாலும் தரவுத்தளத்திலேயே அந்தப் பகுதியை நீக்குகிறோம். பின் சேமித்த பக்கங்களை அழிக்கிறோம். எழுதியவருக்குக் காரணத்தைச் சொல்லி ஒரு மின்னஞ்சல் அனுப்புகிறோம். பழைய காப்புப்பிரதிகள் குறித்த காலத்தில் அழிக்கப்படும்.

5. நீக்கியதற்குத் தனிக் குறிப்பேடு உண்டு. திகதி, கருத்தின் எண், நீக்கியவர், காரணம் ஆகியவை மட்டும் அதில் இருக்கும். நீக்கிய இலக்கத்தை அதில் திரும்ப எழுதுவதில்லை.

6. ஐபி முகவரியைச் சேமிக்காதபடி வாசலிலேயே வெறுமையாக்குகிறோம். இல்லாத பதிவை எவரும் கேட்டு வாங்க முடியாது. எரிதத்தைப் பிடிப்பது இதனால் கொஞ்சம் கடினமாகிறது, அதை ஏற்றுக்கொண்டோம்.

7. குப்பையையும் எரிதப் பெட்டியையும் கிழமைக்கு ஒருமுறை ஒருவர் பார்க்கிறார். யார் பார்ப்பது என்பது சங்கக் கூட்டத்தில் பெயர் சொல்லித் தீர்மானிக்கப்படுகிறது.

வடிகட்டி எழுதியபின் அதைப் பரிசோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. கற்பனையான இலக்கம் ஒன்றைக் கருத்தாக எழுதிவிட்டு, பக்கம், செய்தியோடை, ஓரப் பகுதி, நிர்வாகியின் மின்னஞ்சல், தரவுத்தளம் என ஐந்து இடங்களிலும் தேடிப் பாருங்கள். பரீட்சை மீதி எடுப்பது போலத்தான். ஐந்திலும் என்ன தெரிகிறது என்று எழுதி வைத்தால் உங்கள் வடிகட்டி உண்மையில் எதைச் செய்கிறது என்பது விளங்கும்.

செய்தியோடையில் இலக்கத்தைக் கண்ட அன்று அதைத் தரவுத்தளத்திலிருந்து நீக்கினோம். ஏற்கெனவே மற்றவர்களின் கைத்தொலைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்த பிரதிகளை எம்மால் திருப்பி அழைக்க முடியவில்லை. பின் அந்தத் தாயாரை அழைத்து, முன்பு சொன்னது பிழை, இவ்வளவு நாளும் அது இருந்தது என்று சொன்னோம். அவர் ஏசவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இப்ப உண்மையா எடுத்தாச்சோ தம்பி?" என்று மட்டும் கேட்டார். மகன் இலக்கத்தை மாற்றிவிட்டார் என்று பின்னர் அறிந்தோம்.

உங்கள் தளத்தில் ஒருவர் எதையாவது எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால், எடுத்தாச்சு என்று சொல்வதற்கு முன் அந்த ஐந்து இடங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.